இரத்தம் சுற்றிய சில்லும் எங்கள் யோகம் மச்சாளும்

செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு பின்சில்லுக்குக் கம்பி இறுக்கிக்கொண்டிருந்தேன். அச்சுவேலிச் சந்தையடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் என்னைத் தெரியாதவர்கள் வலிகாமத்தில் இல்லை. பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் நான் ‘கடை மாமா’. எங்கள் ஊர்ச் சிறிய ஆஸ்பத்திரியின் தாதியம்மா தன் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு நின்றார். காற்றுப் போய்விட்டதாக்கும் என்று நான் பம்பைக் கையில் எடுத்தேன்.

“பம்ப் வேண்டாம் மாமா. டொக்டரம்மா விடியக்காலமை மோசம் போயிட்டா.”

கையில் இருந்த பம்பை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. கடையை எத்தனையோ தரம் தேடியும் கிடைக்கவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள். அச்சடிக்கக் கொப்பித் தாள்தான் கிடைத்திருக்கிறது. மருத்துவ பீடத்துப் பெரியவர்கள் எழுதுவது ஒருபுறம் இருக்கட்டும், குடும்பத்தில் ஓர் ஆள் எழுதவேண்டும் என்று கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அன்றைய எட்டாம் வகுப்பு இன்றைய பட்டப்படிப்புக்குச் சமம் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

டொக்டர் செல்வி யோகாம்பிகை என் மனைவி பரமேஸ்வரியின் ஒரே தங்கை. அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அவர் மருந்து எழுதும் டொக்டர் அல்லர். இரத்தம் உடம்புக்குள் எப்படி ஓடுகிறது, எதைத் தொட்டால் உறைகிறது என்று சீமையில் படித்துப் பட்டம் பெற்றவர். உடம்புக்குள் வைக்கும் குழாய்களையும் வால்வுகளையும் இரத்தம் ஏற்றுக்கொள்ளுமா என்று சோதிக்கும் ஆய்வுகூடத்தில் அங்கே வேலை பார்த்தவர். அந்தக் கட்டடம் ஏழு மாடி என்று நான் எல்லாருக்கும் சொல்லுவேன். மச்சாள் பக்கத்தில் இருந்தால் உடனே வெட்டிவிடுவார்.

“ரெண்டு மாடி, அத்தான். அதிலையும் கீழ்மாடி சைக்கிள் விடுற இடம்.”

இன்றைக்கு வெட்ட ஆளில்லை. ஆகவே ஏழு மாடி என்றே இருக்கட்டும்.

சீமையால் வந்து கொழும்பில் வேலை பார்த்தவருடைய வீடு எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்தது. சனத்தை ஏற்றி வந்த கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். லட்சம் சனத்துக்குள் அவரைக் கண்டுபிடித்தவன் நான். கையில் ஒரு சின்னப் பை மாத்திரம். அதற்குள் ஒரு சேலை, சேலைக்குள் சுற்றிய ஒரு தேர்மாமீற்றர். “நகையள் எங்கை?” என்று பரமேஸ் கேட்டாள். “இதுதான் உடையிற சாமான், இதை எடுத்தன்,” என்றார் மச்சாள். அழவில்லை. எங்கள் வளவுக்குப் பக்கத்து வீட்டில் தனியாகக் குடியிருந்து, பட்டணத்தில் மருத்துவ பீடத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். பிறகு சண்டை பெருத்தது, கரன்ட் போனது, அங்கிருந்த ஆய்வுகூடத்தின் கூரையும் போனது.

பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றி இந்த ஊருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. செல் விழுந்து காயப்பட்டவர்களை எங்கள் ஊரில் இருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் அரைநாள் போய்விடும். மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் வான், பள்ளமும் திட்டியுமான ரோட்டு. தொடையில் இரத்தம் கொண்டுபோகும் நாடிக்குழாய் அறுந்தவர்களின் கால் வழியிலேயே செத்துவிடும்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த இளம் வைத்தியர் ஒரு வழி கண்டார். அவரைச் சின்ன டொக்டர் என்போம். அறுந்த நாடியின் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு குழாயை, ரியூப்பை, வைத்துக் கட்டிவிட்டால், பட்டணம் போய்ச் சேரும்வரை பாதத்துக்கு இரத்தம் ஓடும். அங்கே ரியூப்பை எடுத்துவிட்டு நாடியைத் தைப்பார்கள். நல்ல யோசனை. கிடைத்த ரியூப் ஒன்றை ஒரு குடும்பத்தலைவருக்கு வைத்து அனுப்பினார். உள்ளே இரத்தம் உறைந்து ரியூப் வழியிலேயே அடைத்துவிட்டது. கால் உயிரோடு இருக்கிறது என்று எல்லாரும் நம்பியிருக்க, கால் செத்து, அதன் நஞ்சு உடம்பெல்லாம் ஏறி மனிதர் போய்விட்டார்.

சின்ன டொக்டர் அன்று பின்னேரம் மச்சாளிடம் வந்து குந்தியிருந்து சொன்னார்: “அக்கா, ரியூப்பை நம்பாமல் காலை எடுத்திருந்தால் ஆள் இருந்திருப்பார்.”

“ரியூப் சுத்தமாய் இருந்தால் மட்டும் காணாது, தம்பி,” என்றார் மச்சாள். “இரத்தம் அதைத் தன்ரை ஆளெண்டு நினைக்கவேணும். அந்நியன் எண்டு கண்டால் உறைஞ்சுபோடும்.”

“சம்பந்தம் கலக்கிற மாதிரித்தான்,” என்றேன் நான்.

“ஓம் அத்தான். கட்டிக்குடுக்க முன்னம் விசாரிக்க ஒரு மிஷின் வேணும். உங்கடை கடைப் பின்பக்கத்தைத் தாறியளோ?”

இப்படித்தான் ஆசியாவிலேயே முதலாவது இரத்த ஓட்டச் சோதனைச்சாலை என் சைக்கிள் கடையின் பின்பத்தியில் தொடங்கியது.

முதலில் மச்சாள் ஒரு பம்பைக்கொண்டு இரத்தத்தை ரியூப்புக்குள்ளால் தள்ளிப் பார்த்தார். பூச்சிமருந்து அடிக்கும் கருவியில் இருந்து நான் கழற்றிக் கழுவிக் கொடுத்த பம்ப். அது இரத்தத்தை அரைத்துப்போட்டது. இரத்தத்தைத் தெளியவிட்டால் மேலே வைக்கோல் நிறத்தில் நீர் நிற்கவேண்டுமாம். இதில் ரோஸ் நிறத்தில் நின்றது. “பம்ப் செய்த பிழையை ரியூப்பிலை போடேலாது,” என்று அதை மூலையில் வைத்தார்.

பிறகு சில்லு வந்தது. சோதிக்கவேண்டிய ரியூப்பை வளையமாக வளைத்து, பாதிக்கு இரத்தம் விட்டு, முனையோடு முனை சேர்த்து, சைக்கிள் சில்லின் றிம்மில் கட்டுவது. சில்லின் அடிப்பாகம் தகரப் பீப்பாவை அறுத்துச் செய்த தொட்டியில், உடம்புச் சூட்டில் வைத்த வெந்நீருக்குள் தாழும். சில்லை ஆறுதலாகச் சுற்றினால் இரத்தம் தன் பாரத்தால் கீழேயே நிற்கும், ரியூப்பின் சுவர் அதைத் தடவிக்கொண்டு ஓடும். பம்ப் இல்லாமலே ஓட்டம். இப்படிச் சில்லில் சுற்றுகிற முறை வெளிநாட்டில் உண்டு என்று மச்சாள் சொன்னார். இருக்கலாம். சிரட்டைக்கரியில் வெந்நீர் வைத்து, செயினால் வேகத்தைக் குறைத்து, மிதித்துச் சுற்றியது நாங்கள்தான்.

வளையத்தின் பொருத்துதான் பெரும்பாடு. உள்ளே மயிரளவு விளிம்பு இருந்தாலும் இரத்தம் அதில் பிடித்துக்கொள்ளும். நான் பஞ்சர் ஒட்டும் சொலூசனைப் பூசலாம் என்றேன்.

“அந்த மணத்துக்கே இரத்தம் செத்துப்போம், அத்தான்.”

கடைசியில் இரண்டு முனையையும் ஒட்டாமல் நேராக முட்டவைத்து, வெளியால் மட்டும் வால்வு ரப்பரை இறுக்கி மாட்டினோம். அது என் யோசனை. மச்சாளும் அதை ஒருநாளும் மறுக்கவில்லை. என் மகன் குகன் அப்போது என்னோடு கடையில் நின்றான். கலியாணம் பேசிக்கொண்டிருந்த வயது. அவன்தான் கூடுதலாக மிதித்தான். “சின்னம்மா, இவ்வளவு மிதிச்சதுக்கு ரோட்டிலை எண்டால் கொழும்பிலை நிண்டிருப்பன்,” என்பான். “அங்கை போய் என்ன செய்யப்போறாய், மிதி,” என்பார் அவர்.

சேலைன் ஏற்றும் ரியூப் தொடை நாடிக்கு ஒடுக்கம். மண்ணெண்ணெய் உறிஞ்சும் ரியூப், ரப்பர் குழாய், இவற்றோடு மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த ரியூப்பும் ஒரு சுருள் கிடைத்தது. சீமெந்துக்குத் தடை என்பதால் மேசன்மாருக்கு வேலையில்லை, ரியூப்பும் சும்மா கிடந்தது.

இரத்தத்துக்கு ஆடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஆட்டை அடித்துப் பங்கு போட்டு எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வேலை செய்யும் சின்னராசா அண்ணையிடம் மச்சாள் தந்த போத்தலில் இரத்தத்தை வாங்கி, சுடுதுணி சுற்றிப் பறந்து வருவேன். இறைச்சி மணமே ஆகாத சுத்த சைவமான மச்சாள், முகத்தைத் திருப்பாமல் அதை வளையங்களில் விடுவார். சுற்றி முடிந்ததும் வளையத்தை வெட்டி, மெல்லிய துணியில் வடித்து, உறைந்த கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்.

கட்டி இல்லை. மேசன் ரியூப்பில் இல்லை. ரப்பரில் இல்லை. மண்ணெண்ணெய் ரியூப்பிலும் இல்லை.

நான் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டேன், மேசன் ரியூப் பாஸ் என்று. வந்தவர்களுக்குப் பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொடுத்தேன். மச்சாளின் முகம் மட்டும் தெளியவில்லை. அடுத்த கிழமை ஒரு வளையத்துக்குள் துருப்பிடித்த கட்டுக்கம்பித் துண்டு ஒன்றைப் போட்டுச் சுற்றச் சொன்னார். துருவைத் தொட்டால் இரத்தம் கட்டாயம் உறையவேண்டுமாம். அதிலும் கட்டி இல்லை.

“நல்லவன் கெட்டவன் எல்லாரையும் நல்லவன் எண்டு சொல்லுற வாயை நம்பலாமோ, அத்தான்?”

“நானும் அப்பிடித்தானே சொல்லுறனான்.”

“அதுதான் கேக்கிறன்.”

கண்ணாடித் துண்டில் ஒரு துளி வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். இரத்தத்தின் உருண்டைகள் எல்லாம் முள்ளுமுள்ளாகச் சுருங்கிக் கிடந்தன. உப்புப் பட்ட இரத்தம்தான் அப்படிச் சுருங்குமாம். அடுத்த ஞாயிறு, வாழ்நாளில் முதல்தடவையாக, பங்கு போடும் தோட்டத்துக்கு என்னோடு வந்தார்.

சின்னராசா அண்ணை வழக்கம்போல உப்புத்தண்ணீர் விட்ட சட்டியில் இரத்தத்தைப் பிடித்து, ஈர்க்குக் கட்டால் அடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணை செய்யிறியள்?”

“இரத்த வறை சமைக்கக் கட்டி விழக்கூடாதெல்லோ, தங்கச்சி. அடிக்க அடிக்க நூல்நூலாய் வரும், அதை எறிஞ்சுபோடுவன். உங்கடை போத்திலுக்கெண்டு இன்னும் நல்லாய் அடிச்சுத்தான் தாறனான்.”

இரத்தத்தை உறையவைக்கும் சாமானே அந்த நூல்தானாம். அதை எடுத்துவிட்டு உப்பையும் போட்டால், பிறகு எதைத் தொட்டாலும் அது உறையாது. ஊரில் இறைச்சி தின்னும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதனாலேயே ஒருவரும் அதைச் சொல்லவேண்டிய விசயமாக நினைக்கவில்லை. அது தெரியாதவர் மச்சாள் ஒருவர்தான். சின்னராசா அண்ணையை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “என்ரை பிழை அண்ணை. வந்து பாத்திருக்கவேணும்,” என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கிழமையே சந்தையடியில் செல் விழுந்தது. ஆயிரம் செல் என்று நான் சொல்லுவேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு அதில் ஒன்றே போதுமாக இருந்தது. குகனுக்கு முழங்காலின் பின்பக்கம் செல்லின் இரும்புப் பீஸ் பட்டு நாடி அறுந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் சின்ன டொக்டர் இரண்டு கையாலும் இரத்தத்தை அமத்திப் பிடித்தபடி மச்சாளைப் பார்த்தார். “அக்கா, அந்த மேசன் ரியூப் பாஸ் எண்டு மாமா சொன்னவர்.”

“பாஸ் இல்லை, தம்பி. இன்னும் சோதனையே நடக்கேல்லை. நாங்கள் ஓடவிட்டது இரத்தம் இல்லை.”

“அடைக்குமெண்டு தெரியுமோ?”

“தெரியாது.”

“அடைக்காது எண்டு?”

“அதுவும் தெரியாது.”

பரமேஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “உன்ரை பெறாமகனடி, யோகம். ஒருக்கால் வைச்சுப் பாக்கச் சொல்லு.”

“அக்கா, கால் போனால் ஆள் இருப்பான். ரியூப் அடைச்சால் ரெண்டும் போகும். தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லி அவன்ரை உடம்புக்குள்ளை வைக்க என்னாலை ஏலாது.”

சின்ன டொக்டர் என்னையும் பார்த்தார். என் சீவியத்தில் எனக்குக் கதை வராத நாள் அது ஒன்றுதான். மச்சாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். குகனின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு மச்சாள் ஆட்டு இரத்தத்தைத் தொடவில்லை. தன் கையில் இருந்தே ஊசியால் எடுத்து நேரே வளையத்துக்குள் விட்டார். நானும் கொடுத்தேன். என் இரத்தம் மற்றவர்களுடையதைவிடத் தடிப்பு என்று நான் சொல்ல, எல்லாம் ஒன்றுதான் என்று அவர் சொன்னார். கட்டுக்கம்பி போட்ட வளையம் இந்தமுறை உடனே உறைந்தது. “இப்பதான் மிஷின் உண்மை கதைக்குது,” என்றார். ரப்பர் உறைந்தது. மண்ணெண்ணெய் ரியூப் கறுத்துக் கட்டிபட்டது.

மேசன் ரியூப் உறையவில்லை.

திரும்பவும் சுற்றினோம். வேறு ஆட்களின் இரத்தம் விட்டுச் சுற்றினோம். துணியில் ஒன்றுமில்லை. மச்சாள் அந்த ஈரத்துணியை மடியில் வைத்து நாலாக மடித்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. “மச்சாள், இதை வீட்டிலை சொல்லாதையும். அடைச்சுப்போட்டுது எண்டு சொல்லும். நான் சொன்னால் பரமேஸ் நம்பாள், நீர் சொன்னால் நம்புவாள். அந்தப் பெடியும் ஆறுதல் படுவான்.”

“நல்ல ரியூப்பைக் கூடாது எண்டு சொன்னால், நாளைக்கு வாற காலுக்கு அதை ஆர் வைப்பினம், அத்தான்?”

அப்படியே எழுந்து எங்கள் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். பரமேஸ் குசினியில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். குகன் உள்ளே கட்டிலில் கிடந்தான். மச்சாள் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னார்.

“அக்கா, அந்த ரியூப் நல்லது. சோதிச்சுப் பாத்திட்டன்.”

பரமேஸ் கையில் இருந்ததை வைத்தாள். “அப்ப அண்டைக்கு வைச்சிருந்தால் என்ரை பிள்ளைக்குக் கால் இருந்திருக்கும்.”

“ஓம் அக்கா.”

இவ்வளவுதான் நடந்தது. ஒரு ‘ஆனால்’ கூடச் சொல்லவில்லை. நானாக இருந்தால் அந்த ஓமுக்கு முன்னும் பின்னும் நூறு கதை சொல்லியிருப்பேன். பரமேஸ் எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து தங்கையோடு கதைக்கவில்லை. மச்சாள் கொடுத்துவிடும் கறி கொடுத்துவிட்ட சட்டியோடேயே திரும்பிப் போகும். குகனும் கடையின் பின்பத்திப் பக்கம் வருவதை விட்டுவிட்டான். மச்சாள் தானே ஏறி மிதித்துக்கொண்டிருந்தார்.

அந்த மேசன் ரியூப் துண்டு துண்டாக வெட்டி அவித்துச் சின்ன டொக்டரின் அலுமாரிக்குப் போனது. முதலாவது துண்டு நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் கந்தையாவின் தொடைக்கு. கால் இருக்கிறது. அதன்பிறகு நூறு பேருக்காவது கால் தப்பியது என்று நான் சொல்லுவேன். சின்ன டொக்டரைக் கேட்டால் ஒரு கைவிரலுக்குள் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் ஆள் பட்டணம் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை மச்சாள் கடை வாங்கில் இருப்பார். வந்ததும், “பாதம் சூடாய் இருந்ததாமோ?” என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். வழியில் எங்கள் படலையடியில் கொஞ்சம் நின்று பார்ப்பார். உள்ளே வரமாட்டார்.

இந்த வருடம் மலேரியாக் காய்ச்சல் வந்து தலைக்கு ஏறியது. தன் இரத்தத்தை எல்லாம் சில்லுக்கு விட்டு வெறும் உடம்பாகிவிட்டார் என்பது என் கணக்கு. அது காரணமில்லை, வேண்டிய மருந்து வந்துசேரவில்லை என்பது சின்ன டொக்டரின் கணக்கு. நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். கண் திறக்கும்போதெல்லாம் கேட்பார்.

“அக்கா வந்தவவோ?”

“வந்தவ. நீர் நித்திரை எண்டு திரும்பிப் போயிட்டா.”

“கூட்டிச் சொல்லாதேங்கோ, அத்தான்.”

கடைசி நாள் பின்னேரமும் கேட்டார். நானும் அதையே சொன்னேன். அன்றைக்கு மட்டும் அவர் வெட்டவில்லை. “ஓமோ,” என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

செத்தவீட்டுக்குப் பரமேஸ் வந்தாள். ஒப்பாரி வைக்கவில்லை. தங்கையின் காலடியில் தூணோடு ஒட்டி இருந்தாள். கிரியை தொடங்குகிற நேரம் ஆர் கொள்ளி வைப்பது என்ற கதை வந்தது. கலியாணம் செய்யாதவர், ஆண் சகோதரமும் இல்லை. குகனுக்குக் குடம் தூக்கேலாது, கொழும்புத்துறையில் இருந்து வந்த தூரத்து உறவுப்பொடியன் ஒருவன் வைக்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள்.

பரமேஸ் இருந்த இடத்திலேயே சொன்னாள்: “என்ரை மகன் இருக்கிறான். அவளுக்கு அவன்தான் பிள்ளை.”

குகன் தலை நிமிர்ந்தான். “ரெண்டு கையிலையும் ஊன்றுகட்டை, அம்மா. குடத்தை எதாலை பிடிக்கிறது?”

“எனக்குத் தெரியாது. நீதான் செய்யவேணும்.”

பெண்கள் படலையோடு நின்றார்கள். சுடலையில் குகன் தோய்ந்து ஈரவேட்டியோடு சிதையருகில் வந்து, ஊன்றுகட்டைகளோடு நின்றான். ஆட்களை விலக்கிக்கொண்டு நீர்வேலிக் கந்தையா வந்தார். ஒரு கட்டையை வாங்கி என்னிடம் தந்தார், மற்றதையும் வாங்கித் தந்தார்.

“என்னிலை பிடி, தம்பி.”

குகன் வலக்கையை அவருடைய கழுத்தைச் சுற்றிப் போட்டான். இடத்தோளில் குடத்தை ஏற்றினார்கள். இரண்டு பேரும் ஒரு நடையாகச் சிதையைச் சுற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வந்தவர் குடத்தில் கத்தியால் கொத்த, தண்ணீர் பீறிட்டு குகனின் முதுகால் இறங்கியது. கந்தையாவின் வேட்டியும் நனைந்தது. தொடையில் நீளமாக ஓடிய தையல் தழும்பு ஈரத்துணியால் தெரிய, அந்தக் கால் மண்ணில் அழுத்தி, அழுத்தி மிதித்துப் போனது. அவர் தளம்பவில்லை. குடத்தைப் பின்னால் விழவிட்டு, திரும்பிப் பாராமல் குகன் தன் சின்னம்மாவுக்குத் தீ வைத்தான்.

இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

பாதம் சூடாய்த்தான் இருக்குது, மச்சாள். போயிட்டு வாரும்.